வாலெட்டாவில் முதல் நாள்: அறை கிடைக்கும் வரை அம்மாவோடு எங்கே போவது?

நடைவண்டி:

அக்டோபர் இரண்டாவது வாரம் மால்டா போகிறோம். நான், என் அம்மா, பதினான்கு வயது மகன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில் விமானம் இறங்கும். தங்கப் போவது தலைநகர் வாலெட்டாவுக்குள்ளேயே, செயின்ட் உர்சுலா தெருவில் ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடி. அறை மூன்று மணிக்குத்தான். பெட்டிகளை மட்டும் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், முந்தைய இரவு முழுக்க வேறொரு விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி. சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடப்பார். படி என்றால் பத்துப் படிக்கு ஒரு முறை நின்றாக வேண்டும். மகனுக்குத் தேவாலயம், அருங்காட்சியகம் என்று சொன்னாலே முகம் தொங்கிவிடும். பீரங்கி, கோட்டை என்றால் வருவான். எனக்கு இருக்கும் ஒரே ஆசை இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் அந்தப் பெரிய ஓவியம், திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டும் காட்சி. அது இருக்கும் செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தை ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க முடியாது என்று படித்தேன். நாங்கள் செவ்வாய் கிளம்பிவிடுவோம். அப்படியானால் தூக்கம் இல்லாவிட்டாலும் சனிக்கிழமையே அதைப் பார்த்து முடித்துவிடலாமா? இல்லை, முதல் நாளை வேறு மாதிரி கழிப்பது நல்லதா?

'ஒரே நாளில் வாலெட்டா' என்று இணையத்தில் கிடைப்பவை எல்லாம் பதினைந்து இடம் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்கு முட்டியே கிடையாது போல.

தூண்நிழல்:

யோசிக்காமல் பேராலயத்துக்குப் போய்விடுங்கள். நகர வாசலிலிருந்து ரிபப்ளிக் தெருவில் நேரே நடந்தால் சில நிமிடம், படியும் கிடையாது. உள்ளே உட்கார இடம் உண்டு, வெயிலும் இல்லை. மழை வந்தாலும் கவலையில்லை. முக்கியமானதை முதலில் முடித்துவிட்டால் மீதி நாள் நிம்மதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உப்புக்காற்று:

தூண்நிழல் சொன்ன வழி சரி, நேரம் சரியில்லை. இரவெல்லாம் முழித்துவிட்டு வந்து கரவாஜியோ முன்னால் நிற்பவர் ஓவியத்தைப் பார்க்க மாட்டார், நாற்காலியைத் தேடுவார். உங்களுக்குத் திங்கட்கிழமை முழுசாக இருக்கிறது. அதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கப்பலில் இஞ்சினியர். எங்கள் கப்பல் பழுதுபார்க்க வந்து செங்லியா பக்கத்துத் தளத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. வாலெட்டா எனக்குத் தினமும் எதிர்க்கரையாகத்தான் அறிமுகம். அதனால் என் பேச்சில் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் கட்சி இதுதான்: வாலெட்டாவுக்குள் நின்றால் தெரு தெரியும், ஊர் தெரியாது. முதல் நாள் தண்ணீரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்று பாருங்கள். மறுநாள் உள்ளே நடக்கும்போது எல்லாம் தானாகப் புரியும்.

ஏன் என்று சொல்கிறேன். செயின்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர் குழு 1530இல் மால்டாவுக்கு வந்தபோது வாலெட்டா என்று ஒரு ஊரே கிடையாது. அவர்கள் குடியேறியது எதிர்க்கரையில் இருக்கும் பிர்குவில். இப்போது வாலெட்டா நிற்கும் மேடு ஷிபெராஸ் என்ற மொட்டைப் பாறை; அதன் நுனியில் 1552இல் செயின்ட் எல்மோ கோட்டையை மட்டும் கட்டினார்கள். 1565இல் துருக்கியின் ஒட்டோமான் படை வந்து முற்றுகையிட்டது. முதலில் எல்மோவை அடித்தார்கள். ஜூன் 23 அன்று அது விழுந்தது. அப்புறம் அந்த மொட்டை மேட்டில் பீரங்கிகளை ஏற்றி, தண்ணீருக்கு மேலேயே பிர்குவையும் செங்லியாவையும் சுட்டுத் தள்ளினார்கள். செப்டம்பரில் படை திரும்பிப் போயிற்று. வீரர்களின் தலைவர் ஜான் டி லா வாலெட் அதற்கப்புறம் ஒரு கணமும் அந்த மேட்டை எதிரிக்கு விட்டுவைக்கத் தயாராக இல்லை. 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நட்டார். போப் அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் லாபரெல்லி திட்டம் போட்டார், உள்ளூர்க்காரர் ஜிரோலமோ காஸர் கட்டி முடித்தார்.

அதாவது அந்த ஊர் முழுக்க, எதிர்க்கரையில் அடி வாங்கியவர்கள் போட்ட பதில். அடி வாங்கிய இடத்தில் நின்று பார்த்தால்தானே பதில் புரியும்? உங்கள் பையனிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள், பேராலயத்துக்கும் சேர்த்து வந்துவிடுவான்.

இனி முட்டி விஷயம். வாலெட்டா ஒரு பெரிய மீனின் முதுகு மாதிரி. நடுவில் உயரம், இரண்டு பக்கமும் கடலை நோக்கிச் சரிவு. முதுகெலும்பு ரிபப்ளிக் தெரு. அதற்கு இணையாக மெர்ச்சன்ட்ஸ் தெரு. வாசல் பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட சமதளம். எல்மோவை நெருங்க நெருங்கத்தான் இறக்கம். குறுக்கே போகும் தெருக்களில்தான் ஆபத்து, பாதி படிக்கட்டாகவே இருக்கும். நீங்கள் தங்கும் செயின்ட் உர்சுலாவிலும் படிகள் உண்டு, படம் எடுக்கிறவர்கள் மொய்க்கும் படிகள். ஆகவே வீட்டுக்காரரிடம் இப்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: தெருவின் எந்த முனையிலிருந்து வந்தால் படி குறைவு, கட்டடத்துக்குள் லிஃப்ட் உண்டா. பழைய வாலெட்டா வீடுகளில் லிஃப்ட் இல்லாதது சகஜம், மாடிப்படியும் குறுகலாகத் திருகிக்கொண்டு போகும்.

சனிக்கிழமைக்கு என் யோசனை. விமான நிலையத்திலிருந்து எக்ஸ்4 பேருந்து நேரே வாலெட்டாவுக்கு வரும். இறங்கும் இடம் டிரைட்டன் நீரூற்று பக்கம், நகர வாசலுக்கு வெளியே. பாலத்தில் நடக்கும்போது ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள்: அது பாறையை வெட்டி எடுத்த அகழி, தண்ணீர் கிடையாது. வாசலும் அதை ஒட்டிய நாடாளுமன்றமும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தவை. பழைய ஊருக்கு நடுவில் இது எதற்கு என்று அங்கே பலருக்குக் கோபம் உண்டு. எனக்குப் பிடிக்கும். அந்தப் பக்கத்தில் தூண்கள் மட்டும் நிற்கிற திறந்தவெளி அரங்கைப் பார்ப்பீர்கள், அது 1942 குண்டுவீச்சில் போன ஓபரா மாளிகை.

பெட்டிகளைப் போட்டுவிட்டு அப்பர் பராக்கா தோட்டம். கட்டணம் கிடையாது, பெஞ்ச் உண்டு, நிழல் உண்டு. பன்னிரண்டு மணிக்கு முன்னால் கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடியுங்கள். கீழே வரிசையாகப் பீரங்கிகள். தினமும் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒன்று வெடிக்கும். துறைமுகத்துக் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க வைத்த வழக்கம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சத்தம் சாதாரணமில்லை.

அப்புறம் தோட்டத்தை ஒட்டியே லிஃப்ட். 58 மீட்டர், துறைமுக மட்டத்துக்கே இறக்கிவிடும். 1905இலேயே அங்கே ஒரு லிஃப்ட் இருந்தது, பிறகு கழற்றிவிட்டார்கள். இப்போதையது 2012இல் வந்தது. அதற்கு முன்னால் துறைமுகத்திலிருந்து மேலே வந்த கால்களை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இறங்கி, சாலையைக் கடந்தால் படகுத்துறை. படகு எதிர்க்கரையில் பிர்குவை ஒட்டிய பொர்ம்லாவுக்குப் போகும். அங்கிருந்து பிர்கு நீரோரம் வரை சமதளம், பாய்மரப் படகுகளை ஒட்டியே நடக்கலாம், நடுநடுவே காபிக் கடைகள். அது முடியும் இடத்தில் செயின்ட் ஏஞ்சலோ கோட்டை. முற்றுகையின்போது அந்தக் கோட்டையடியிலிருந்து எதிரே செங்லியா நுனி வரை இரும்புச் சங்கிலி கட்டிக் கப்பல்கள் நுழையாமல் தடுத்தார்கள். அந்த இடத்தில் நின்று வாலெட்டாவைப் பாருங்கள். அவ்வளவுதான் முதல் நாள் வேலை. வேறு எதுவும் வேண்டாம்.

நடைவண்டி:

உப்புக்காற்று, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் இருக்கிறது என்று எந்தப் பட்டியலும் சொல்லவில்லை! வீட்டுக்காரரிடம் கேட்டேன்: கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, ஆனால் மெர்ச்சன்ட்ஸ் தெரு வழியாக வந்தால் வெளிப்படிகள் குறைவாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். காற்று பலமாக இருந்தால் படகு என்ன ஆகும்? அம்மா சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். முதல் நாளே உணவகம் தேடி அலைய முடியாது, கையில் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது உண்டா?

மாவுக்கை:

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன், அங்கே சமையலறையில் வேலை பார்த்தவள்.

எங்கே பார்த்தாலும் பாஸ்டிஸ்ஸி கிடைக்கும். அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக்குள் ஒன்று ரிக்கோட்டா பாலாடை, இன்னொன்று பட்டாணி மசியல். பட்டாணி என்றால் சைவம்தானே என்று வாங்கிவிடாதீர்கள். மாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள், ரிக்கோட்டாவில் முட்டை கலப்பதும் உண்டு. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி, தயங்காமல் கேளுங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னும் பாதுகாப்பானது ஃப்டீரா, வட்டமான தட்டை ரொட்டி. தக்காளி விழுது, ஆலிவ் எண்ணெய், ஆலிவ், கேப்பர் மொக்கு வைத்துத் தருவார்கள். வழக்கமாகச் சூரை மீனும் இருக்கும், அதை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிஜில்லா என்று ஒரு அவரை மசியல் உண்டு, பூண்டு தூக்கலாக இருக்கும். ரொட்டிக்கு அதுவே போதும். இனிப்புக்கு இம்காரெட், பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்தது, சூடாகச் சாப்பிட வேண்டும். பையனுக்குக் கின்னி வாங்கிக் கொடுங்கள், கசப்பு ஆரஞ்சு சோடா. முதல் வாய்க்குத் திட்டுவான்.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. ருசிதான் பிடிக்காது, பாட்டில் வாங்கிக்கொள்வது உத்தமம். மறந்துவிடுவதற்குள்: மின்பிளக் பிரிட்டிஷ் வகை, மூன்று பட்டைக் கால். மற்ற பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கு வாங்கின அடாப்டர் அங்கே நுழையாது.

உப்புக்காற்று:

காற்றைப் பற்றி: பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் வருத்தப்பட வேண்டாம், டிரைட்டன் பக்கத்திலிருந்தே பிர்குவுக்குப் பேருந்து உண்டு. துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும்.

படகு ஓடினால் திரும்பும்போது பெரிய படகை விட்டுவிட்டு டைசாவில் வாருங்கள். முன்னும் பின்னும் மூக்கு தூக்கிய, வண்ணம் பூசிய சின்னப் படகு. பிர்கு கரையில் ஆட்கள் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாலெட்டா மதில் தலைக்கு மேலே எழுந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம். ஏறி இறங்க மட்டும் அம்மாவுக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். முட்டி ஒத்துழைக்காத நாளென்றால் பெரிய படகே நல்லது, அதற்குப் பலகை போடுவார்கள்.

நடைவண்டி:

சனிக்கிழமை ராத்திரி, வாலெட்டாவிலிருந்து எழுதுகிறேன். அம்மாவும் பையனும் தூங்கிவிட்டார்கள். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பட்டியலில் சேர விருப்பமில்லை, அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விமானம் தாமதம். எக்ஸ்4 கூட்டமாக வந்தது. ஒரு பெரியவர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். பெட்டிகளை ஒப்படைத்தபோது பதினொன்றே முக்கால். மாடிப்படியைப் பார்த்தேன், உப்புக்காற்று சொன்ன அதே திருகல், நடுவில் பிடித்துக்கொள்ளக் கயிறு. அம்மா அதை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறுவேன், முடிவு பண்ணிக்கோ" என்றார். அதுவே அன்றைய சட்டம் ஆயிற்று.

பீரங்கியைக் கடைசி நிமிடத்தில் பிடித்தோம். சீருடைக்காரர்கள் வரிசையாக நடந்து வந்து, குண்டுப் பையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னறிவிப்பு கொடுத்திருந்தும் நான்தான் துள்ளினேன், அம்மா அசையவில்லை. பையன் அதையே பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட், படகு இரண்டும் நீங்கள் சொன்னபடியே. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படகு துறையை விட்டு விலகியதும் எல்லாரும் முன்பக்கம் பார்க்கிறார்கள். நாங்கள் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்தோம், அம்மாவுக்கு அதுதான் வாகாக இருந்தது. சற்று முன்னால் நின்ற தோட்டத்து வளைவுகள் மதில் உச்சியில் பொம்மை அளவுக்குச் சிறுத்துவிட்டன. அதற்குக் கீழே நேர் செங்குத்தாகக் கல், மஞ்சளாக, ஜன்னலே இல்லாமல். நாங்கள் நின்றது ஒரு கோட்டையின் மொட்டை மாடியில் என்று அப்போதுதான் உறைத்தது. பையன் ஃபோனை வைத்துவிட்டு, எதிரி பீரங்கியை எந்த இடத்தில் வைத்திருப்பான் என்று கேட்டான். நான் மேட்டைக் காட்டினேன். "அப்ப இவங்க அதை முன்னாடியே கட்டியிருக்கணும்" என்றான். நாற்பது வருடத்துக்கும் குறைவாகத்தான் அங்கே இருந்தார்கள், காசும் ஆளும் போதவில்லை என்று நான் வக்காலத்து வாங்கினேன். அவனுக்கு ஒப்புதல் இல்லை. பிர்கு கரை முழுக்க அந்த வாதம்தான்.

சாப்பாடு: மாவுக்கை, உங்களுக்குப் புண்ணியம். முதல் கடையில் பாஸ்டிஸ்ஸி மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டதும் அந்தப் பெண்மணி தலையாட்டி, உங்களுக்கு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஃப்டீராவும் பிஜில்லாவும் வாங்கினோம். பூண்டு அம்மாவுக்கே அதிகம், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. கின்னிக்கு நீங்கள் சொன்ன திட்டு விழுந்தது. பிறகு என் பாட்டிலையும் அவனே குடித்தான்.

அம்மா நீரோரத்து பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். கோட்டைக்குள் போகலாமா என்று கேட்டேன், இங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது என்றார். எனக்கும் தூக்கம் கண்ணை இழுத்தது. பக்கத்தில் ஒருவர் படகைத் தேய்த்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். மூவரும் அதைத்தான் பார்த்தோம், வரலாற்றை அல்ல. டைசா வேண்டாம், பெரிய படகே என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அறைக்கு வந்து தூங்கி எழுந்தால் மாலை ஆறரை. 'ஒரு தடவை' சட்டப்படி அம்மா மேலேயே இருந்துகொண்டார். வீட்டில் மூடிய மர பால்கனி இருக்கிறது, பச்சை வண்ணம், தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி கண்ணாடி. அவருக்கு அதுவே போதும். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன சமைக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தகவல் வந்தது. நானும் பையனும் ரிபப்ளிக் தெருவில் ஒரு நடை போனோம். பேராலயத்தின் வெளிப்பக்கத்தைப் பார்த்தோம், ஏதோ படைக்கிடங்கு மாதிரி வெறும் சுவர். இதற்குள்ளா அந்த ஓவியம் என்று இருந்தது.

தூண்நிழல்:

சரி, நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் திங்கட்கிழமை உல்லாசக் கப்பல் ஏதாவது வந்து நின்றால் பேராலய வரிசை தெருவரை நீளும். நுழைவுச்சீட்டை இணையத்தில் வாங்கிக்கொண்டு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

உப்புக்காற்று:

அதை நானும் வழிமொழிகிறேன். வெளியே வெறும் சுவராக இருப்பது காஸர் கட்டியபடி. உள்ளே பொன் பூச்சு எல்லாம் அடுத்த நூற்றாண்டு வேலை. கூரை மத்தியா பிரெட்டி என்ற ஓவியர் வரைந்தது, கல்மேலேயே எண்ணெய் வண்ணம். தூண்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சிற்பம் என்று தோன்றும், எல்லாம் தட்டைச் சுவரில் போட்ட ஓவியம். பையனைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். தரை முழுக்க வண்ணச் சலவைக்கல் பதித்த வீரர்களின் கல்லறைகள், நானூறு அளவில். எலும்புக்கூடும் மணல்கடிகாரமும் நிறைய. அவனுக்கு அது போதும். தரை கெடும் என்பதால் குதி கூரான செருப்பு அனுமதிக்க மாட்டார்கள், தோளும் மூடியிருக்க வேண்டும்.

கரவாஜியோ பக்கத்துப் பிரார்த்தனை அறையில், ஆரட்டரியில் இருக்கிறார். அங்கே பெஞ்ச் உண்டு, அம்மாவை முதலில் உட்கார வையுங்கள். யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் கரவாஜியோவின் கையெழுத்து இருக்கும், அவர் கையெழுத்திட்டதாக இருப்பது இந்த ஒரே ஓவியம்தான். 1608 ஜூலையில் அவரை வீரர் குழுவில் சேர்த்தார்கள்; கைகலப்பில் மாட்டிச் சிறைக்குப் போய், அங்கிருந்து தப்பி ஓடினார். டிசம்பரில் அவரைக் குழுவிலிருந்து நீக்கிய சடங்கை நடத்தியது அதே அறையில், அதே ஓவியத்துக்கு முன்னால்.

செவ்வாய் எத்தனை மணிக்கு விமானம்? பிற்பகலுக்கு மேல் என்றால் காலையில் மதில் சூழ்ந்த பழைய தலைநகரான இம்தீனா போய்வரலாம். அதற்குள் பெரும்பாலும் சமதளம்தான், அம்மாவுக்குப் பிடிக்கும்.